ஆலிவர் எவான்ஸ்

கோதுமையை அரைத்து மாவாக்கும் தொழில் மனிதன் கற்ற மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. தொடக்கத்தில் கையால் சுழற்றிய கல்லை, நாளடைவில் விலங்குகளைக் கொண்டும், நீரோட்டத்தைக் கொண்டும், காற்றைக் கொண்டும் சுழற்ற அவன் அறிந்தான். ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் கல்லைச் சுழற்றுதல் ஒன்றே பெரும்பாலும் இயற்கையின் ஆற்றலுக்கு விடப்பட்டிருந்தது. ஏனைய வேலைகள் மனிதனுடைய தோளையும் கையையும் நம்பியே நடந்துவந்தன. தானியத்தைக் கல்லுக்கு ஊட்டுதல், அரைத்த மாவை மேலே ஏற்றுதல், அதனை உலர்த்துதல், உலர்ந்த மாவைச் சல்லடைக்கு அளவோடு விடுதல் ஆகிய இவ்வேலைகள் அனைத்தையும் பொறிகளிடம் ஒப்படைத்தவர் ஆலிவர் எவான்ஸ் என்னும் அமெரிக்கர் ஆவார்.

அமெரிக்காவில் டெலவேர் என்னும் சிறிய நாட்டுப்பகுதி அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்றங்களுள் ஒன்றாக இருந்தது. அங்குள்ள நியூபோர்ட் என்னும் ஊரில் 1755ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள் எவான்ஸ் பிறந்தார். உடன்பிறந்தார் பலர். அவர்தம் தந்தையார் தோல் தைத்துப் புதையடி செய்யும் தொழிலைக் கற்றவர். பின்னர் நிலம் வாங்கி உழவராக வாழ்ந்தார். எவான்ஸ் பள்ளியில் பெற்ற கல்வி சிறிதே. பதினாறாம் வயதில் அவர் வண்டித் தச்சர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பகலெல்லாம் சக்கரமும் ஆரக்காலும் செதுக்கிய அவ்விளைஞர், இரவில் கணக்கும் பொறிநூலும் பயில விரும்பினார். எழுத்தறிவில்லாத அவருடைய தலைவரோ, நூல் படிப்பதற்கு மெழுகுவத்தி தர மறுத்துவிட்டார். எவான்ஸ் பட்டறையில் சிதறிக் கிடந்த மரச் சீவல்களைத் திரட்டி எரித்து, அவ்வொளியில் படித்தார் என்பர்.

1772ஆம் ஆண்டில் ஒரு நாள், கொல்லர் பட்டறைச் சிறுவர்கள் ஆடிய விளையாட்டு ஒன்றை அவர் கேள்வியுற்றார். துப்பாக்கிக் குழலில் சிறிது நீரை ஊற்றி, அதன் வாயை இறுக அடைத்து, அடிப்பகுதியை உலைத்தீயில் அவர்கள் வைத்தனர். சற்று நேரத்தில் வெடிமருந்து வெடித்தாற்போன்ற பேரொலியுடன் அடைப்புத் தெறித்து வீழ்ந்தது. கேட்டவர் பலரும் நகைத்துச் சென்றனர். எவான்ஸ் மட்டும், இத்துணை ஆற்றல் நீராவிக்கு உண்டாயின் அதனைக் கொண்டு வண்டியை ஓட்டலாகாதோ என எண்ணினார். அவ்வெண்ணம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அதனை நிறைவேற்றும் பொருளும் துணையும் அப்போது அவரிடம் இல்லை.

அவர் முதலில் செய்த பொறி வேறொன்று. கம்பளியைச் சிக்கெடுக்கும் சீப்புக்குக் கம்பிப் பற்கள் மிகப் பல வேண்டும். அவற்றைக் கையால் வளைத்து வெட்டுவது நெடுநேரம் பிடிக்கும் வேலை. எவான்ஸ் அப்பற்களை மிகுந்த விரைவில் செய்து தள்ளும் பொறி ஒன்றை அமைத்தார். பொறி நன்கு இயங்கியது. ஆனால் அமைத்தவருக்குப் பயன் கிட்டவில்லை. அதன் அமைப்பை அறிந்த பிறர் தாமும் அவ்வாறே செய்து பொருள் ஈட்டினர். கருத்தைக் காக்கும் சட்டம் இல்லாத நாட்டில் கருத்துடையவன் ஏமாந்து நிற்க நேரும் என்பதை அவர் இளமையிலேயே அறிந்துகொண்டார். பிற்காலத்தில் அவர் தம் உரிமைக்காகக் காட்டிய கடுமையை எண்ணும்போது, இந்த முதல் இழப்பையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

1782ஆம் ஆண்டு தொடங்கி எவான்ஸும் அவருடைய உடன்பிறந்தாரும் ரெட் கிளே என்னும் ஓடையின் கரையில் மாவாலை ஒன்றை எழுப்பும் வேலையில் ஈடுபட்டனர். அந்நாளைய ஆலைகளின் நிலையை அறிந்தால்தான் எவான்ஸ் செய்த மாற்றத்தின் அருமை விளங்கும். உழவர் கொணர்ந்த கோதுமையை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து ஆட்கள் மேல் மாடிக்கு ஏறுவர். அங்குக் கொட்டிய கோதுமை தூய்மை செய்யப்பெற்று, கீழே உள்ள கற்களுக்கு இடையே விழும். கற்களிடையிலிருந்து வெளிப்படும் மாவு சூடாகவும் ஈரப்பதம் மிக்கதாகவும் இருக்கும். அந்நிலையில் அதனைச் சலித்தால் சல்லடைத் துணியின் கண்கள் அடைபடும். பீப்பாயில் அடைத்தால் புளித்துக் கெடும். ஆதலின் அம்மாவைத் தொட்டிகளில் வாரி, மீண்டும் மேல் மாடிக்கு ஏற்றித் தரையில் பரப்புவர். சிறுவன் ஒருவன் கையில் வாரி ஒன்றை ஏந்தி, மாவைக் கிளறிக் கிளறி ஆறவிடுவான். ஆறி உலர்ந்ததை அவனே சிறிது சிறிதாகச் சல்லடையின் தொட்டிக்குள் தள்ளுவான். நாள்தோறும் மாவின் மீது ஆட்கள் நடப்பர். அவர்தம் காலில் ஒட்டிய அழுக்கும் மாவோடு கலக்கும். உண்போர் அதனை அறியார். அறிந்த எவான்ஸுக்கு அது பெரும் அருவருப்பைத் தந்தது.

இவ்வேலைகளை அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். ஏற்றுவதற்கு ஒன்று, நகர்த்துவதற்கு ஒன்று, உலர்த்துவதற்கு ஒன்று என வகுத்துக்கொண்டு, அவை அனைத்தையும் கல்லைச் சுழற்றும் அதே நீர்ச்சக்கரத்தோடு பிணைத்தார்.

தானியத்தை ஏற்றுவதற்கு, இரண்டு உருளைகளின் மேல் சுழலும் முடிவில்லாத தோற்பட்டை ஒன்றில் சிறு சிறு வாளிகளை வரிசையாகப் பொருத்தினார். வாளிகள் கீழே தானியத்தில் முழுகி, நிரம்பி மேலே சென்று, உருளையைக் கடக்கும்போது கவிழ்ந்து கொட்டிவிட்டு, வெறுமையாகக் கீழே இறங்கும். இத்தகைய ஏற்றி ஒன்று மணிக்கு 300 புஷல் தானியத்தை உயர்த்த வல்லது எனக் கணக்கிடப்பட்டது. ஒரு புஷல் கோதுமையின் எடை ஏறத்தாழ 27 கிலோகிராம். எனவே, ஒரு மணிக்கு 8 டன் தானியம் ஆள் தொடாமலே மாடி ஏறிற்று. தானியத்தையும் மாவையும் கிடையாக நகர்த்துவதற்கு, மரத்தண்டைச் சுற்றித் திருகுபோல் பலகைத் துண்டுகளை அடித்து, அதனை ஒரு நீண்ட தொட்டியில் சுழலவிட்டார். சிறு பற்களையுடைய பட்டையால் தானியத்தை இழுத்துச் செல்லும் பொறியும், தானியத்தின் எடையாலேயே சரிவில் இயங்கும் அகன்ற பட்டையும் வேறு இரண்டு.

இவை அனைத்தினும் அவருடைய நுண்ணறிவை விளக்குவது மாவை உலர்த்தும் பொறியே. மாடித்தரையின் நடுவில் செங்குத்தான தண்டு ஒன்று மெல்லச் சுழலும். அதில் கிடையாக ஒரு நீண்ட கை பொருத்தப்பட்டிருக்கும். அக்கையின் அடியில் சாய்வாக அமைந்த சிறு பலகைகள் மாவைத் தொட்டுக்கொண்டே வட்டமிடும். ஏற்றியிலிருந்து விழும் புதுமாவு வட்டத்தின் வெளி விளிம்பில் பரவும். கை ஒரு முறை சுழலுந்தோறும் பலகைகள் அம்மாவைப் புரட்டிக் காற்றுப் படச் செய்து, சிறிது உள்நோக்கித் தள்ளும். இவ்வாறு சுற்றிச் சுற்றி நடுவை நெருங்குவதற்குள் மாவு ஆறி உலர்ந்துவிடும். நடுவிலுள்ள துளையின் வழியே அது சல்லடைக்குள் சீராக இறங்கும். மாவு மிகுந்தால் கை தானே உயரும். குறைந்தால் தானே தாழும். அதற்கென எதிர் எடையையும் அவர் அமைத்திருந்தார். முன்னர் இவ்வேலையைச் செய்த சிறுவனின் பெயரையே, 'தொட்டிப் பையன்' எனும் பொருள்பட, அப்பொறிக்கு இட்டனர்.

1785ஆம் ஆண்டில் ஆலை இயங்கத் தொடங்கிற்று. வண்டியில் வந்த கோதுமை ஒரு வாயிலில் கொட்டப்பட்டால், மறு வாயிலில் அது சலித்த மாவாக வெளிப்பட்டது. இடையே மனிதன் செய்ய வேண்டியது பொறிகளைத் திருத்தி நிறுத்துவதும், முடிவில் பீப்பாயை மூடுவதுமே. பொருள் தானே உள்ளே சென்று, தானே நகர்ந்து, தானே பக்குவப்பட்டு வெளியேறும் தொழிற்சாலைகளின் முன்னோடியாக அந்த ஆலையை வரலாற்றாசிரியர் கருதுவர்.

உலகம் உடனே வியந்து பாராட்டியது என எண்ண வேண்டா. அருகிலுள்ள பிராண்டிவைன் ஆற்றின் கரையில் பெரிய மாவாலைகள் இருந்தன. அவற்றின் உரிமையாளர்கள் செல்வர். தம் பழைய முறையில் நன்கு வாழ்ந்தவர். அவர்களுள் சிலர் ஒரு நாள் எவான்ஸின் ஆலையைக் காண வந்தனர். எவான்ஸ் வேண்டுமென்றே ஆலையைத் தனியே ஓடவிட்டுப் பக்கத்து வயலில் புல் உலர்த்திக்கொண்டிருந்தார். ஆளில்லாத ஆலையில் தானியம் ஏறுவதையும் மாவு இறங்குவதையும் கண்டால் அவர்கள் மனம் மாறுவர் என்பது அவர் கருத்து. அவர்களோ, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இவை கடகடவென ஒலிக்கும் விளையாட்டுக் கருவிகள், அறிவுடையோர் கருதத் தக்கவை அல்ல என்று ஊரில் சொன்னார்கள். பின்னர் அவர்கள் கூடி ஒரு முடிவையும் தெரிவித்தனர். எவான்ஸ் தம் செலவில் ஓர் ஆலையில் பொறிகளை அமைக்கலாம். பயன் தந்தால் செலவைத் தருவர். தாராவிடில் அவரே அனைத்தையும் பெயர்த்து ஆலையைப் பழையபடி ஆக்கித் தரல் வேண்டும் என்பதே அம்முடிவு. அவருடைய உடன்பிறந்தார் ஒருவர் ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு வட்டத்திலும் முதலில் ஏற்போருக்கு உரிமையைக் கட்டணமின்றித் தருவதாகக் கூறியும் ஏற்றவர் சிலரே.

மேரிலாந்தில் படாப்ஸ்கோ ஆற்றங்கரையில் ஆலை நடத்திய எல்லிகட் குடும்பத்தார் மட்டும் இதன் பயனை விரைவில் உணர்ந்தனர். அவர்கள் எவான்ஸின் பொறிகளைத் தம் ஆலைகளில் அமைத்துக் கூலிச் செலவைக் குறைத்ததோடு, ஒரே அளவு கோதுமையிலிருந்து மிகுதியான நல்ல மாவையும் பெற்றனர். ஊதியம் கண்ட பின்னர்ப் பிறரும் பின்தொடர்ந்தனர். பிராண்டிவைன் ஆலைகளும் அப்பொறிகளை ஏற்றன.

1787ஆம் ஆண்டில் எவான்ஸ் நாட்டுப்பகுதிகளின் சட்டமன்றங்களை அணுகி, தம் புதுமைகளுக்குத் தனியுரிமை வேண்டினார். மாவாலைப் பொறிகளோடு நீராவி வண்டிக்கும் அவர் உரிமை கேட்டார். பென்சில்வேனியா மாவாலைக்கு மட்டும் உரிமை தந்தது. வண்டியைப் பற்றிய பேச்சை அறிவு திரிந்தவன் பேச்சு எனத் தள்ளிவிட்டது. மேரிலாந்து இரண்டிற்கும் உரிமை தந்தது. நீராவி வண்டியால் யாருக்கும் தீங்கு வாராது என்பதே அங்கு அதற்குக் காட்டிய காரணம்!

விடுதலை பெற்ற அமெரிக்கா 1790ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நாடு முழுமைக்குமான காப்புரிமைச் சட்டத்தை இயற்றியது. புதியது புனைந்தவருக்கு 14 ஆண்டுகள் வரை அதன் பயனில் தனியுரிமை உண்டு என்பது அச்சட்டத்தின் கருத்து. விண்ணப்பங்களை அமைச்சர்களே ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் தாமஸ் ஜெபர்சன். அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் எவான்ஸுக்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது. அமெரிக்க அரசு அச்சட்டப்படி வழங்கிய மூன்றாவது காப்புரிமை அது. குடியரசுத் தலைவராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டனே 1791ஆம் ஆண்டில் மவுண்ட் வெர்னானிலிருந்த தம் ஆலையில் எவான்ஸின் முறையை அமைத்துக்கொண்டார்.

இதன்பின் எவான்ஸ் பிலடெல்பியா நகரில் குடியேறினார். ஆலைத் தச்சருக்கும் மாவரைப்போருக்கும் வழிகாட்டும் நூல் ஒன்றை எழுதி 1795ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீரின் விசை, சக்கரத்தின் பல் அளவு, பொறிகளின் அமைப்பு ஆகியவை படங்களுடன் அதில் விளக்கப்பட்டிருந்தன. பள்ளிக்கல்வி குறைந்த ஒருவர், தம்மைப் போன்ற தொழிலாளர் படித்தறிய எழுதிய அந்நூல் 1860ஆம் ஆண்டு வரையில் 15 பதிப்புகள் கண்டது.

இளமையில் கண்ட நீராவிக் கனவையும் அவர் மறக்கவில்லை. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் சேமிப்பையெல்லாம் செலவிட்டு உயர் அழுத்த நீராவிப் பொறியை அமைத்தார். 1804ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மறு ஆண்டில் பிலடெல்பியாவின் துறைகளைத் தூர்வாருவதற்காக ஏறத்தாழ 17 டன் எடையுள்ள நீராவிப் படகு ஒன்றைச் செய்தார். அதற்குச் சக்கரங்கள் பூட்டி, நீராவியின் ஆற்றலாலேயே தெருவில் ஓட்டி, ஆற்றில் இறக்கியதாக அவர் எழுதியுள்ளார். தூர்வாரும் வேலையில் அது வெற்றி பெறவில்லை. எனினும் அவருடைய உயர் அழுத்தப் பொறிகள் நாட்டின் பல ஆலைகளில் இடம் பெற்றன. பிலடெல்பியாவில் அவர் நிறுவிய பெரும் பட்டறையில் அவை உருவாயின.

இதற்கிடையே மாவாலைக் காப்புரிமையின் 14 ஆண்டுகள் முடிந்துவிட்டன. ஆலையினர் ஏற்கத் தயங்கிய காலத்திலேயே உரிமைக் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஏற்கத் தொடங்கிய பின்னரும் பலர் கட்டணம் செலுத்தாமலே பொறிகளை அமைத்துக்கொண்டனர். வழக்குத் தொடுத்தபோதோ, உரிமைப் பத்திரத்தின் வாசகம் குறையுடையது என்று நீதிமன்றம் அதனைத் தள்ளியது. எவான்ஸ் நாடாளுமன்றத்தை மீண்டும் மீண்டும் வேண்டினார். 1808ஆம் ஆண்டு சனவரியில் அவருக்கெனவே தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மேலும் 14 ஆண்டுகளுக்கு உரிமை தந்த அச்சட்டத்தில் ஒப்பமிட்டவர், அப்போது குடியரசுத் தலைவராக விளங்கிய ஜெபர்சனே.

புதிய உரிமை பெற்ற எவான்ஸ் கட்டணத்தை உயர்த்தினார்; இடைக்காலத்தில் பொறி அமைத்தவரிடமும் பணம் கேட்டார்; மறுத்தவர் மேல் வழக்குத் தொடுத்தார். அவர்பால் நியாயம் இருந்தது, பொறுமை இல்லை. மாற்றுக் கருத்துடையவரைத் திருடர் என்றே அவர் கருதினார். இதனால் முன்பு அவருடைய பொறிகளைப் புகழ்ந்தவரும் பகைவராயினர். பால்டிமோர் ஆலையினர் 1813ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு முறையிட்டனர். அவர்களுள் ஒருவர் ஜெபர்சனின் கருத்தைக் கேட்டு எழுதினார். வாளிகளைக் கோத்து நீர் இறைத்தல் கிழக்கு நாடுகளில் பண்டே உள்ளது; திருகோ ஆர்க்கிமிடீஸ் காலத்தது; நீரை ஏற்றிய கருவியால் தானியத்தை ஏற்றுவது புதுப்புனைவு ஆகாது என்பது ஜெபர்சன் விடுத்த விடையின் கருத்து. அதே ஜெபர்சன் தம் ஆலைக்காக எவான்ஸுக்கு உரிமைக் கட்டணம் செலுத்தியவர் என்பதும் நினைவிற்கு உரியது.

எவான்ஸின் வாதம் வேறு. உறுப்புகள் பழையனவாயினும், அவற்றை இணைத்து ஆள் தொடாமல் மாவாக்கும் ஒரே அமைப்பாகச் செய்தவர் தமக்கு முன் யாரும் இலர் என்றார் அவர். எழுத்துகள் அனைவருக்கும் பொதுவாயினும், அவற்றால் இயன்ற நூல் ஆசிரியனுக்கே உரியது அன்றோ? ஆனால் நீதிமன்றத்தில் இவ்வழக்கு எளிதில் முடியவில்லை. ஒரு முறை வழக்கில் கேட்ட சொற்களால் மனம் நொந்து வீடு திரும்பிய எவான்ஸ், குடும்பத்தார் கண்ணெதிரே தம் புதுப்புனைவுகளின் வரைபடங்களையும் குறிப்புகளையும் தீயிலிட்டு எரித்துவிட்டார் எனச் சொல்லப்படுகிறது. மரச் சீவலின் ஒளியில் படித்தவர் தாம் படித்து வரைந்தவற்றை அவ்வாறு எரிக்க நேர்ந்தது.

1815ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், இடைக்காலத்தில் பொறி அமைத்தவரும் 1808க்குப் பின் அதனைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அடுத்து எழுந்த வழக்கு மாவை உலர்த்தும் பொறியைப் பற்றியது. பென்சில்வேனியாவில் வேறொருவர் அத்தகைய பொறியை முன்னரே அமைத்திருந்தார் என எதிர்வழக்காடினர். கீழ் நீதிமன்றத்தில் தோற்ற எவான்ஸ் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1818ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் அவருக்கு இசைவாகத் தீர்ப்புக் கூறி, வழக்கை மீண்டும் விசாரிக்குமாறு திருப்பி அனுப்பியது.

அவ்விசாரணையின் முடிவை அவர் காணவில்லை. 1819ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் நியூயார்க் நகரில் நுரையீரல் அழற்சியால் நோயுற்றிருந்தார். அப்போது, பிலடெல்பியாவிலிருந்த அவருடைய பட்டறை 11ஆம் நாள் தீக்கிரையாயிற்று என்னும் செய்தி வந்தது. அங்குத் தொழில் பயின்ற இளைஞன் ஒருவனே தீ வைத்தவன் என்றனர். அச்செய்தியை அவருடைய உடல் தாங்கவில்லை. 15ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 63.

மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு 1822ஆம் ஆண்டில் அவருக்கு எதிராக முடிந்தது. முன்னிருந்த பொறியினின்றும் தம் பொறி எவ்வகையில் திருத்தம் பெற்றது என்பதை அவர் பத்திரத்தில் பிரித்துக் காட்டவில்லை என்பது நீதிபதிகள் கண்ட குறை. நீட்டித்துப் பெற்ற 14 ஆண்டுகளும் அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் முடிந்திருந்தன.

மாவை உலர்த்திய சுழற்கை, அரைக்கும் முறை மாறியபோது பெரும்பாலான ஆலைகளை விட்டு நீங்கியது. மவுண்ட் வெர்னானில் வாஷிங்டனின் ஆலையைப் பழைய அடித்தளத்தின் மேல் மீண்டும் எழுப்பி, எவான்ஸின் முறையை அமைத்திருப்பதால், வருவோர் அக்கை மாவின் மீது மெல்லச் சுழல்வதை அங்குக் காணலாம். வாளிப் பட்டையும் திருகும் நீங்கவில்லை. மரத்திற்கு மாறாக இரும்பாலும் எஃகாலும் ஆகி, நெல்லாலைகளிலும், மாவாலைகளிலும், துறைமுகத் தானியக் கிடங்குகளிலும் அவை இன்றும் இயங்கிவருகின்றன.